சட்டிக்கு ஒரு பாத்தி

வீட்டுத்தோட்டம் என்றதும் எமக்கெல்லாம் முதலில் நினைவுக்கு வருபவை கத்தரி, வெண்டி, மிளகாய், பயற்றை போன்றவைதான். அவற்றின் விதையை நாமே எடுத்து, சாம்பலில் பிரட்டி, போத்தலில் போட்டு அடுத்த போகத்துக்கு வைத்துக்கொள்கிறோம். நோக்கோல் அந்த வரிசையில் சேர்வதில்லை. அது நுவரெலியாவில் இருந்து லொறியில் வருகின்ற மரக்கறி, காசு கொடுத்துச் சந்தையில் வாங்குகின்ற மரக்கறி என்றே எமது பெண்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கின்றனர். 2016 ஆம் ஆண்டின் கடைசியில், கிளிநொச்சி மாவட்டத்தில் நான் வேலை செய்யும் கிராமத்துக்கு நோக்கோல் நாற்றுகளைக் கொண்டுபோனபோது ஒரு அம்மா அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "பிள்ளை, உது குளிர்ப் பக்கத்துச் சாமானெல்லோ? எங்கட வெயிலுக்கு உது நிண்டு பிடிக்குமோ?" என்று கேட்டார்.

நின்று பிடிக்கும். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை தொடங்கியதிலிருந்து தை, மாசி வரையில் எமது பக்கத்தில் இரவுகள் ஓரளவு குளிர்கின்றன அல்லவா, அந்தக் குளிர் இதற்குப் போதும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் பிரதேசங்களில் கோவா, பீற்றூட், கரட் ஆகியவற்றோடு நோக்கோலும் இந்தப் போகத்தில் செய்யப்பட்டு வருகின்றது. வலிகாமத்தில் அப்படியொரு செம்மண் கிராமத்தில்தான் நான் பிறந்தேன். அப்பாவின் நிலமெல்லாம் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போய்விடும். கிணற்றடி வாய்க்காலோரம் கிடந்த ஒரு துண்டு மட்டும் அம்மாவின் பொறுப்பு. அதில் அவர் ஆண்டுதோறும் நோக்கோல் வைப்பார். பொருளாதாரத் தடையால் யூரியா கிடைக்காத காலம் அது. பட்டி எருவும் அடுப்புச் சாம்பலும்தான் பசளை.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியபோது எனக்கு எட்டு வயது. அம்மாவின் நாற்றுமேடையில் நோக்கோல் நாலிலை விட்டு நின்றது. வெளிக்கிடுகின்ற அவசரத்திலும் அவர் போய் அதற்கு இரண்டு வாளி தண்ணீர் தெளித்துவிட்டு வந்துதான் படலையைச் சாத்தினார். 1996 இல் நாங்கள் திரும்பி வந்தபோது மேடையும் இல்லை, படலையும் இல்லை. அன்று ஏன் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று நான் பல ஆண்டுகள் கழித்துக் கேட்டதற்கு, "நாலு நாளில திரும்பி வந்திடுவம் எண்டுதானே நினைச்சது" என்றார். இதை வாசிக்கின்ற சகோதரிகளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையிருக்காது.

இந்தக் காயின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலர் நூக்கோல் என்பார்கள், வேறு சிலர் நோகோல் என்பார்கள். இது ஒல்லாந்தருடைய மொழியின் சொல். அம்மொழியில் 'க்னொல்' என்றால் கிழங்கு, 'கோல்' என்றால் கோவா. கோவா என்ற சொல்லோ போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. கந்தோர் என்று எங்கள் பாட்டிமார் சொல்லுவதும் ஒல்லாந்தச் சொல்தான். ஆண்டவர்கள் போய்விட்டார்கள், காயும் கந்தோரும் நின்றுவிட்டன.

பெயரில் கிழங்கு இருந்தாலும் நோக்கோல் உண்மையில் கிழங்கு அல்ல. மண்ணுக்கு மேலே தண்டுதான் பந்துபோலத் திரள்கின்றது. இலைகள் அந்தப் பந்திலிருந்தே கிளம்புவதைக் கவனித்தால் இது விளங்கும். இதை நான் வலியுறுத்திச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. கிழங்கு என்று நினைத்துப் பல பெண்கள் மரவள்ளிக்கு அணைப்பதுபோல் இதற்கும் மண்ணை ஏற்றி அணைத்துவிடுகிறார்கள். காய் மண்ணுக்குள் புதைந்தால் அழுகும், புழுவும் துளைக்கும். தண்டு திரளத் தொடங்கியதும் அதைச் சுற்றியுள்ள மண்ணைச் சற்று விலக்கிவிடுவதே நல்லது.

விதையை நாமே எடுக்க முடியாது என்பதுதான் இந்தப் பயிரின் பெரிய குறை. இது இரண்டாண்டுப் பயிர். நீண்ட கடுங்குளிரைக் கண்ட பிறகுதான் பூக்கும். எமது வெயிலில் அது பூப்பதில்லை. ஆகவே வெளிநாட்டிலிருந்து வருகின்ற விதையைக் காசு கொடுத்தே வாங்க வேண்டியிருக்கிறது. வெள்ளை வியன்னா, ஊதா வியன்னா என்ற இரண்டு வகைகள் பரவலாகக் கிடைக்கும். எமது வெயிலுக்கு எது நல்லது என்று பக்கத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விதை மிகச் சிறியது, கடுகுபோல இருக்கும். ஒரு கிராமில் ஏறக்குறைய 250 தொடக்கம் 300 விதைகள் வரும். அவ்வளவையும் ஒரு வீட்டில் நட இடமிருக்காது. எமது கிராமத்தில் ஐந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு பக்கற் வாங்கி, கிணற்று வசதி உள்ள ஒரு வீட்டில் ஒரே நாற்றுமேடை போட்டார்கள். கோழி வளர்க்காத வீடாகப் பார்த்துத் தெரிவு செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்காரிக்கு அதிலே கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது.

நாற்றுமேடையை ஒரு சாண் உயரத்துக்குக் கட்டி, மேலே வைக்கோலும் உமியும் பரப்பி எரித்துவிட்டால் நாற்றழுகல் நோய் குறையும். அரை அங்குல ஆழத்தில் கோடு கீறி விதையைத் தூவி, மண்ணால் மூடி, மேலே கிடுகு சாய்த்துவிட வேண்டும். ஒரு கிழமைக்குள் முளைத்துவிடும். முளைத்த பிறகு காலையிலும் மாலையிலும் வெயில் படும்படி கிடுகைத் தூக்கிவிடுவது அவசியம். நிழலிலேயே வைத்தால் நாற்று நெடுத்துச் சரிந்துவிடும். மூன்று கிழமையில் நாலைந்து இலையோடு பிடுங்கி நடலாம். ஓரடிக்கு ஓர் நாற்று, மாலை நேரத்தில். நட்டு ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைகளில் காய் வெட்டலாம். இத்தனை விரைவாகக் கைக்கு வருகின்ற மரக்கறி, கீரையை விட்டால், அதிகம் இல்லை.

தண்ணீர் ஒரே சீராக இருக்க வேண்டும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வாரி இறைத்தால் காய் வெடித்துவிடும். நாங்கள் தொடங்கிய அந்த 2016 இன் மாரி பொய்த்துப்போனது, நினைவிருக்கும். கார்த்திகையிலேயே கிணறுகள் அடி தெரிந்தன. அரிசி கழுவிய தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர் எல்லாம் பாத்திக்குத்தான் போயிற்று. ஒரு அக்கா மோட்டுச் சட்டிகளின் அடியில் ஊசித்துளை போட்டு இரண்டு செடிக்கு நடுவே ஒன்றாகப் புதைத்து வைத்திருந்தார். யார் சொல்லித் தந்தது என்றேன். "தண்ணி இல்லாட்டி மூளை வேலை செய்யும் மிஸ்" என்றார்.

புழுக்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இலையின் அடியில் சிறிய பச்சைப் புழுக்கள் இருக்கும், தொட்டால் நூலில் தொங்கும். வைரமுதுகு அந்தின் புழு அது. காலையில் இலையைப் புரட்டிப் பார்த்துக் கையால் நசுக்குவதே முதல் வைத்தியம். அதற்கும் அடங்காவிட்டால், ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் இடித்த வேப்பம் பருப்பு என்ற கணக்கில் இரவு முழுவதும் ஊறவிட்டு, வடித்து, சிறிதளவு சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளிக்கலாம். பாத்தியோரம் ஒரு வரிசை கடுகு விதைத்தால் அந்து அதிலே போய் முட்டையிடும். வன்னியில் புழுவைவிடப் பெரிய எதிரிகள் கட்டாக்காலி மாடும் மயிலும். நட்ட அன்றே மயில் வந்து ஒவ்வொன்றாகக் கொத்திப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகும், தின்பதுகூட இல்லை. பழைய மீன்வலையும் கிழிந்த சேலைகளும்தான் எங்கள் வேலி. தூரத்தில் நின்று பார்த்தால் கொடியேற்றத் திருவிழாபோல இருக்கும்.

அந்த முதற்போகத்தின் காய்கள் திரண்டு வந்த நேரத்தில்தான், 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். நான் மேலே சொன்ன அம்மாவும் அதில் இருந்தார். காலையில் பஸ்ஸில் போனால் இருட்டத்தான் வருவார். அவருடைய பாத்திக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தன் பாத்திக்கு ஊற்றிவிட்டு வேலிக்கு மேலால் வாளியை நீட்டத் தொடங்கினார், அடுத்த கிழமை இன்னொருவர். அம்மா மாலையில் வந்து கைவிளக்கோடு போய்க் காய்களைத் தடவிப் பார்ப்பார். வெட்டிய முதற்காய்களில் நாலை ஒரு பையில் போட்டுப் போராட்டக் கொட்டகைக்கே கொண்டுபோனார். அங்கே எல்லோருமாகச் சமைத்தார்களாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயத்துக்கு வருகின்றேன். அடுத்த போகத்தில் எமது ஐந்து வீடுகளில் ஒன்றில் நடந்தது இது. அந்த அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். கணவர் இறுதி யுத்தத்தில் இல்லாமற் போனவர். 2009 இல் மனிக் பாம் முகாமில் இருந்து, 2010 இல் ஊருக்குத் திரும்பியவர். அவர் நல்ல கைராசிக்காரி, முப்பது செடியும் ஒரே அளவில் நின்றன. ஒரு திங்கட்கிழமை பின்னேரம் நான் போனபோது பாத்தி மொட்டையாகக் கிடந்தது. காய்கள் இன்னும் முட்டையளவுதான். அத்தனையையும் பிடுங்கிச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். மறுநாள் செவ்வாய்க்கிழமை. நுண்கடன் நிறுவனத்தின் ஆள் வருகின்ற நாள்.

வடக்கில் அந்த ஆண்டுகளில் நுண்கடன் என்ன செய்தது என்பதை இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு நான் எடுத்துக் கூறத் தேவையில்லை. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில், ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடன்களைத் தள்ளுபடி செய்யுமளவுக்கு அரசாங்கமே இறங்கி வந்தது. ஆனால் அந்தத் திங்கட்கிழமை அது இன்னும் வந்திருக்கவில்லை. கிழமைக்கு ஒருமுறை தவணை கேட்கின்ற கடனும் எட்டுக் கிழமையில் திரள்கின்ற காயும் ஒத்துப்போவதில்லை. இரண்டு கிழமை விட்டிருந்தால் அந்தக் காய்கள் தோடம்பழ அளவுக்கு வந்திருக்கும். முட்டையளவுக் காய் மூன்றின் நிறை தோடம்பழ அளவுக் காய் ஒன்றில் இருக்கும். சந்தையில் அதற்கும் கழிவு வெட்டுவார்கள். நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு என்ற வழக்கம் எமது சந்தைகளில் எத்தனையோ ஆண்டுகளாக விவசாயிகளின் முறைப்பாடாக இருந்து வருகிறது. பஸ் காசும் போக அவர் கையில் நின்றது தவணையின் பாதிக்கும் காணாது.

அன்று இரவு வீட்டில் என்ன சமையல் என்று கேட்டேன். சோறும் சம்பலும் என்றார். ஒரு காயைக்கூட எடுக்கவில்லையா என்று கேட்டதற்கு, "எடுத்தால் நிறை குறைஞ்சு போகும் மிஸ்" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் துயரம் ஒன்றும் இல்லை. எல்லாரும் அப்படித்தானே என்பதுபோலச் சொன்னார்.

தொடர்ந்த நாட்களில் ஐந்து வீட்டுப் பெண்களும் நாற்றுமேடையடியில் இருந்து இதைப் பற்றிக் கதைத்தார்கள். கடன் எடுக்காதே என்று புத்தி சொல்ல எவரும் முன்வரவில்லை, ஏனென்றால் ஐவரில் நால்வருக்குக் கடன் இருந்தது. கடைசியில் அந்த அக்காவே ஒரு வழி சொன்னார். பாத்தியை இரண்டாகப் பிரிப்பது. ஒன்று கடனுக்கு, மற்றது சட்டிக்கு. சட்டிப் பாத்தியில் இருந்து எந்தச் செவ்வாய்க்கிழமைக்கும் ஒரு காய்கூடச் சந்தைக்குப் போகக்கூடாது. நடுவே ஒரு வரிசை செவ்வந்தியை நட்டு எல்லை போட்டார். கடன் பாத்தி, சட்டிப் பாத்தி என்ற பெயர்கள் கிராமம் முழுவதும் பரவிவிட்டன. பிள்ளைகள்கூட "அம்மா, எந்தப் பாத்தியில பிடுங்கிறது?" என்று கேட்பார்கள்.

சட்டிப் பாத்தியை ஒரே நாளில் நட்டுவிடவும் கூடாது. பத்தடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள பாத்தியில் முப்பது செடி நிற்கும். அத்தனையும் ஒரே கிழமையில் முற்றினால் வீட்டிலும் தின்று முடியாது, சந்தையிலும் அன்று எல்லோருடைய காயும் குவிந்திருக்கும். பாதியை இன்றும் மற்றப் பாதியை இரண்டு கிழமை கழித்தும் நட்டால், நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு காய் ஒரு கறி என்ற கணக்கில், ஒரு மாதம் ஒன்றுவிட்ட நாள் கறி இருக்கும். நாற்றுமேடையில் விதையையும் அப்படியே இரண்டு தரமாகத் தூவ வேண்டும், இல்லாவிட்டால் பிந்தி நடுகின்ற நாற்று மேடையிலேயே முற்றிவிடும்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, பெண்கள் வீட்டில் செய்யும் வேலை எந்த நாட்டின் தேசிய வருமானக் கணக்கிலும் சேர்வதில்லை என்று படித்திருந்தேன். நியூசிலாந்தின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மரிலின் வாரிங் 1988 இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். பரீட்சைக்காக அதன் சாரத்தை நான் மனப்பாடம் செய்தேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது எமது வாழ்வாதாரத் திட்டத்தின் படிவத்தை நிரப்புகையில்தான். 'வீட்டுத்தோட்டத்தால் கிடைத்த மாத வருமானம்' என்று ஒரு கட்டம் இருந்தது. சட்டிப் பாத்தி தொடங்கிய பிறகு, அந்த அக்காவின் பிள்ளைகள் முன்பைவிட நன்றாகச் சாப்பிட்டார்கள், கட்டத்தில் எழுத வேண்டிய தொகை மட்டும் முன்பைவிடக் குறைந்துபோயிற்று. படிவத்தைப் பார்ப்பவர்கள் அவருடைய தோட்டம் தோற்றுவிட்டது என்று நினைப்பார்கள். "நாங்கள் திண்டதை எங்க மிஸ் எழுதுறது?" என்று அவர் கேட்டார்.

படிவத்தில் அதற்கு இடமில்லை. ஆகவே நான் ஒரு சியாப்படுத்தாத நூறு தாள் கொப்பி வாங்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். பாத்தியிலிருந்து சட்டிக்குப் போன காய், அன்று சந்தை விலை, இரண்டையும் பெருக்கினால் வரும் தொகை, இவ்வளவுதான். பெண்கள் நாட்காட்டியில் கரிக்கட்டியால் கோடு போட்டு வைப்பார்கள், நான் கிழமைக்கு ஒருமுறை பார்த்து எழுதுவேன். பிறகு இன்னொரு வரியையும் சேர்த்தேன்: 'நீங்கள் சாப்பிட்டீர்களா?' இதற்கு முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைகளுக்குப் போட்டு, வயதான மாமிக்குப் போட்டு, மிஞ்சிய குழம்பைச் சோற்றில் பிரட்டி வழித்துச் சாப்பிடுவதைத்தான் நாங்கள் சாப்பாடு என்கிறோம். ஒரு மாதத்துக்குப் பிறகு பார்த்தால் ஐந்து பக்கங்களிலும் அந்த வரியில் 'குழம்பு', 'குழம்பு' என்றே இருந்தது. யாரும் வெட்கப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சட்டியில் மூன்று காய் போடத் தொடங்கினார்கள்.

இது வீண் பிடிவாதம் அல்ல. எமது பெண்களில் பலருக்கு இரத்தச்சோகை இருப்பது கிளினிக்குக்குப் போய்வரும் எல்லோருக்கும் தெரியும். கீரையிலும் பயறு வகைகளிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள விற்றமின் சி உதவுகின்றது. 100 கிராம் பச்சை நோக்கோலில் ஏறக்குறைய 62 மில்லிகிராம் விற்றமின் சி உண்டு. அதே நிறைத் தோடம்பழத்தில் இருப்பதைவிட இது அதிகம். கொதிக்கக் கொதிக்க இந்தச் சத்துக் குறையும். அதனால் வெட்டுவதற்கு முன் கழுவி, பெரிய துண்டாக வெட்டி, கணக்கான தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றாமல் கறியிலேயே சேர்க்க வேண்டும்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை நீக்கப்பட்ட கதை எல்லோருக்கும் தெரிந்ததே. நெல் செய்தவர்கள் பட்ட பாடு பெரியது. எமது சட்டிப் பாத்திகளுக்கு அதனால் ஒன்றும் வரவில்லை, அவை முதலிலிருந்தே மாட்டெருவிலும் சாம்பலிலும் நின்றவை. என் அம்மா அதைக் கேட்டு, "உதைத்தானே நாங்கள் அப்பவும் செய்தனாங்கள், அப்ப ஆரும் எங்களைக் கேக்கேல்லை" என்றார். அடுத்த ஆண்டு வந்த பொருளாதார நெருக்கடியோ யாரையும் விட்டுவைக்கவில்லை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது ஒரு வருடத்துக்குள் உணவு விலை ஏறக்குறைய இரட்டித்தது. விதைப் பக்கற்றும் விலை ஏறியது. ஐந்து வீட்டார் சேர்ந்து வாங்கியது பத்து வீட்டார் சேர்ந்து வாங்குவதாயிற்று. அந்த மாரியில் என் கொப்பியில் 'சந்தைக்கு' என்ற பக்கம் அநேகமாக வெறுமையாகவே கிடக்கிறது. 'சட்டிக்கு' என்ற பக்கம் நிரம்பி, ஓரங்களிலும் எழுதியிருக்கிறேன்.

சமையலைப் பற்றிச் சொல்லாவிட்டால் என்னை விடமாட்டீர்கள். நோக்கோல் சப்பென்று இருக்கும் என்பவர்கள் முற்றிய காயைத்தான் சாப்பிட்டிருப்பார்கள். நகத்தால் கீறினால் தோல் கிழிய வேண்டும், அதுதான் பதம். அடிப்பக்கத்தில் நார் அதிகம். எனவே அடியை ஒரு விரற்கடைக்கு வெட்டி எறிந்துவிட்டு, அங்கிருந்து மேல்நோக்கித் தோலை உரித்தால் நாரும் சேர்ந்து வந்துவிடும்.

பால்கறிக்கு வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு பல் உள்ளி, அரைத் தேக்கரண்டி வெந்தயம், மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை எல்லாவற்றையும் காயோடு சட்டியில் போட்டு, இரண்டாம் பாலில் அவிய விட வேண்டும். அவிந்ததும் முதற்பாலை விட்டு, ஒரு கொதி வர முன்பே இறக்கித் தேசிக்காய்ப்புளி விடுவது. தேங்காய் விலை ஏறிய காலத்தில் பாதித் தேங்காயோடு ஒரு பிடி பருப்பை அவித்துக் கடைந்து சேர்த்தார்கள், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. கையில் நெத்தலிக் கருவாடு இருந்தால் தூள் போட்டு, பழப்புளி விட்டு வைக்கின்ற குழம்புக்கு நிகர் இல்லை. துருவிய பச்சைக் காயில் வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, தேசிக்காய்ப்புளி பிசைந்தால் ஐந்து நிமிடத்தில் சம்பல்.

இலையை மாட்டுக்குப் போடுகின்ற வழக்கத்தைத்தான் நான் விடாமல் எதிர்த்து வருகிறேன். வெட்டிய காயின் இளம் இலைகளை நடுநரம்பை நீக்கிச் சுருட்டி, கோவா வெட்டுவதுபோல மெல்லியதாக வெட்ட வேண்டும். கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம் தாளித்து, இலையைப் போட்டு, மூடாமல் வதக்கி, உப்பும் மஞ்சளும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிரட்டினால் வறை. மூடினால் நிறம் செத்துவிடும். காய் திரளும் செடியில் இலையை உருவக்கூடாது, அடியில் பழுக்கப்போகின்ற ஒன்றிரண்டை வேண்டுமானால் எடுக்கலாம். இந்த வறையை நான் கற்றுக்கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. குளிர்ப் பக்கத்துச் சாமான் என்று சொன்ன அதே அம்மாதான் முருங்கையிலைக்குச் செய்வதுபோல இதற்கும் செய்து பார்த்து எனக்கு ஒரு கிண்ணத்தில் போட்டுத் தந்தார். கொஞ்சம் கைப்பு இருக்கும். அவருக்கு அது பிடிக்கும். பிள்ளைகளுக்குச் சம்பலில் மறைத்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பங்குனி வெயில் சுடத் தொடங்கியதும் காய் நாராகிவிடும். அதற்கு முன் கடைசிச் செடியையும் பிடுங்கி, வேரையும் முற்றிய இலையையும் குப்பைக் கிடங்கில் போட்டுவிடுவோம். அதே இடத்தில் திரும்பக் கோவாவோ முள்ளங்கியோ வைக்கக்கூடாது, ஒரே குடும்பப் பயிர்கள், புழுவும் நோயும் காத்திருக்கும். கடந்த போகத்தில் அந்த அக்காவின் சட்டிப் பாத்தியில் பயற்றை ஊன்றப்பட்டது. முதலாவது மகள் இப்போது ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார். கடன் கட்டி முடிந்து மூன்று ஆண்டுகளாகின்றன. கடன் பாத்தி என்ற பெயர் மட்டும் மாறவில்லை. அதில் மிளகாய் நிற்கிறது.